கடைசி விமானம்: ஒரு பாட்டை நிறுத்தியதும் திரும்பக் கொடுத்ததும்

அவுஸ்திரேலியாவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்யும் தமிழர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இதில் வரும் பெரியவர் இன்று இல்லை. அவருடைய மகளிடமும், இதில் வரும் மற்றவரிடமும் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், ஊர், இல்லம் எதையும் குறிப்பிடவில்லை.

பின்னணி

விக்டோரியா மாநிலத்தின் உட்பகுதி ஊர் ஒன்றில் இருந்த அந்த இல்லத்தில் ஏறத்தாழ 60 முதியவர்கள் வாழ்ந்தார்கள். பகல் நேர நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்வது என் வேலை. வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குப் பெரிய கூடத்தில் பாட்டு நேரம் நடக்கும். தேநீர் வண்டி வரும், ஒலிபெருக்கியில் பழைய பாட்டுகள் போகும், முடிந்தவர்கள் சேர்ந்து பாடுவார்கள்.

அங்கிருந்தவர்களில் இருவர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர்கள். அந்தப் போருக்கு அவுஸ்திரேலியா ஏறத்தாழ 60,000 பேரை அனுப்பியது. 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

முதலாமவரைப் பெரியவர் என்றே இங்கே அழைக்கிறேன். 1946இல் பிறந்தவர். அந்த நாள்களில் 20 வயது ஆண்களைப் படைக்கு எடுப்பதற்குக் குலுக்கல் நடந்தது. பிறந்த தேதிகளுக்குரிய எண்கள் கொண்ட சிறு உருண்டைகளைப் பீப்பாயில் இட்டுச் சுழற்றி எடுப்பார்கள். தன் தேதிக்குரிய உருண்டை வெளியே வந்தவன் இரண்டு ஆண்டு படையில் இருக்க வேண்டும். அப்படிப் போனவர் பொறியியல் படைப்பிரிவில் சேர்க்கப்பட்டு, 1967இல் தென் வியட்நாமில் அவுஸ்திரேலியத் தரைப்படையின் நூய் டாட் முகாமில் இருந்தார். அந்தப் பிரிவினரைப் படையில் சேப்பர் என்பார்கள். பாதை போடுவது, சுரங்கங்களைத் தேடுவது, மிதிவெடி புதைப்பது, புதைத்ததை எடுப்பது எல்லாம் அவர்கள் பாடு. அந்த ஆண்டு அவர்கள் 11 கிலோமீற்றர் நீளத்துக்கு 20,000க்கும் மேற்பட்ட மிதிவெடிகளைப் புதைத்தார்கள். எதிர்த்தரப்பு அவற்றில் ஆயிரக்கணக்கானவற்றைக் கிளப்பி எடுத்துப்போய், அவுஸ்திரேலியப் படையினர் நடக்கும் வழிகளில் வைத்தது. பெரியவர் வீடு திரும்பிய பிறகும் அவற்றில் கால் வைத்து அவருடைய நாட்டு இளைஞர்கள் செத்தார்கள். இதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை.

2023இல் அவருக்கு மறதி நோய் நடுக்கட்டத்தில் இருந்தது. காலை உணவு உண்டது மதியம் நினைவிருக்காது. போரின் பின்னான மன அழுத்தக் கோளாறும் உண்டு என்று கோப்பில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை.

இரண்டாமவர் நிரந்தரப் படையாளர், காலாட்படைக்காரர், 1968-69இல் அங்கே இருந்தவர். நினைவு தெளிவு, கால்கள்தான் பலவீனம். இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். கால்பந்தாட்டம் பேசுவார்கள். போரைப் பேசி நான் கேட்டதில்லை.

அந்தப் பாட்டு

கோல்ட் சிசல் என்ற ராக் இசைக்குழு 1978இல் வெளியிட்ட ‘கே சான்’ பாட்டை அவுஸ்திரேலியாவில் அறியாதவர் குறைவு. டொன் வோக்கர் எழுதி, ஜிம்மி பார்ன்ஸ் பாடியது. மதுச்சாலையில், கல்யாண விருந்தில், ஆட்டம் முடிந்த இரவில், மொத்தக் கூட்டமும் கத்திப் பாடும். எங்கள் இல்லத்தில் வேலை செய்த 20 வயதுப் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். அது எதைப் பற்றிய பாட்டு என்று கேட்டால் சிலர் யோசித்துத்தான் பதில் சொன்னார்கள்.

வியட்நாமிலிருந்து திரும்பிய ஒருவனின் கதை அது. போர்க்களம் அதில் கொஞ்சம்தான். ஊர் திரும்பிய பின் அவன் எங்கும் ஒட்டாமல் அலைவதுதான் மிச்சம் எல்லாம்: வேலை மாறுகிறான், நாடு மாறுகிறான், உடம்பின் வலியை மருந்தாலும் போதையாலும் ஆற்றப் பார்க்கிறான். பியானோவில் தொடங்கும் பாட்டு. திரும்பத் திரும்ப வரும் பல்லவி கிடையாது. கடைசிக்கு வந்த பிறகுதான் ஒரே வரி சுழன்று சுழன்று ஒலிக்கிறது. சிட்னியை விட்டுக் கடைசி விமானம் புறப்படப் போகிறது என்பது அந்த வரி.

வெளிவந்த காலத்தில், பாலுறவையும் போதையையும் பேசும் வரிகளுக்காக அது வானொலியில் ஒலிக்கத் தகாதது என்று வகைப்படுத்தப்பட்டது. விற்பனைப் பட்டியலிலும் 41ஆம் இடத்துக்கு மேலே ஏறவில்லை. மதுச்சாலை மேடைகளில்தான் வளர்ந்தது.

கே சான் என்ற இடம் அன்றைய தென் வியட்நாமின் வடமேற்கு மூலையில், லாவோஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது. 1968இல் 77 நாள் அங்கே முற்றுகைக்குள் கிடந்தவர்கள் அமெரிக்க மரைன் படையினர். அவுஸ்திரேலிய விமானப்படையின் குண்டுவீச்சு விமானங்கள் அந்தப் பக்கம் பறந்தது உண்டு. தரைப்படையின் முகாமோ தெற்கே பல நூறு கிலோமீற்றர் தள்ளியிருந்தது. இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

ஏப்ரல் 21: நடந்தது

போர்வீரர்களை நினைவுகூரும் அன்சாக் தினத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை. இளம் பராமரிப்பாளர் ஒருவர் ‘கே சான்’ போட்டார். கூடம் உடனே எழுந்தது. நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது. கண்ணீர் வழிந்தது. திறந்த உள்ளங்கையால் மேசையை ஓங்கி ஓங்கி அடித்தார். பக்கத்தில் இருந்த மூதாட்டி பயந்து கூவினார். பெரியவரின் கை தேநீர் வண்டியில் பட்டு இரண்டு கோப்பைகள் உடைந்தன. பொறுப்புத் தாதி ஓடி வந்தார். நான் ஒலிபெருக்கியை நிறுத்தினேன். நிறுத்தியதும் அவர் இன்னும் உரக்கக் கத்தினார், ஒலிபெருக்கியை நோக்கி வந்தார். இருவர் தோளணைத்து அறைக்கு அழைத்துச் சென்றார்கள்.

இரண்டாமவர் பாட்டின் முதல் அடிகளிலேயே தன் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியேறிவிட்டதை நான் பிறகுதான் அறிந்தேன். அன்றிரவு அவர் சாப்பிட வரவில்லை.

சம்பவ அறிக்கையில் “பாட்டினால் தூண்டப்பட்ட ஆவேசம்” என்று எழுதினோம்.

முதல் முடிவும் அதன் காரணமும்

பத்து நிமிடப் பேச்சில் முடிவெடுத்தோம்: அந்தப் பாட்டு இனி இல்லத்தில் ஒலிக்காது. பாட்டுப் பட்டியலிலிருந்து எடுத்தேன். ஊழியர் அறையில் அறிவிப்பு ஒட்டினேன்.

கோப்பில் இருந்த அந்த ஒரு வரி, உடைந்த கோப்பைகள், பயந்த மூதாட்டி, அழுத ஒருவர், எழுந்து போன இன்னொருவர். இத்தனையும் ஒரே பக்கம் கை காட்டின. பாதுகாப்பு என்ற அளவில் அன்றைக்கு நிறுத்தியதை இன்றும் தவறென்று சொல்ல மாட்டேன். நிரந்தரமாக எடுத்ததுதான் தவறு. அதற்கு என் பக்கத்தில் இன்னொரு காரணமும் இருந்தது, அது எந்த அறிக்கையிலும் இல்லை.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். போர்க்காலத்தில் ஒலிபெருக்கிகளில் கேட்ட பாட்டுகள் சில எங்கள் வீட்டில் இன்றும் ஒலிப்பதில்லை. எங்கேயாவது அவற்றில் ஒன்று காதில் விழுந்தால் அம்மா செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவார். அரை மணி நேரம் யாருடனும் பேச மாட்டார். நாங்களும் கேட்க மாட்டோம். போரைக் கண்டவர் பாட்டுக்கு அழுதால் பாட்டை நிறுத்த வேண்டும் என்பது எனக்கு வீட்டில் கற்ற பாடம். பெரியவரின் கண்ணீரில் நான் கண்டது அம்மாவை. அவரிடமோ அவருடைய மகளிடமோ ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த ஐந்து கிழமைகள்

பெரியவர் வெள்ளிக்கிழமைக் கூடத்துக்கு வருவதை நிறுத்தினார். அழைத்தால் கையை உதறினார். நடைகூடத்தின் கோடியில் சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருப்பார். உணவு குறைந்தது. இரவில் எழுந்து நடக்கத் தொடங்கினார்.

மே மாதக் கடைசியில், உறக்கம் பற்றிய கூட்டத்துக்காக இரவுக் குறிப்புகளை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். வெவ்வேறு ஊழியர்களின் கையெழுத்தில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப இருந்தது. “விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்.” “சிட்னி போக வேண்டும் என்கிறார்.” “கடைசி விமானம் போய்விடும் என்று கதவைத் தட்டினார். நாளைக்குப் போகலாம் என்று சொல்லிப் படுக்க வைத்தேன்.” மறதி நோய் உள்ளவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்பது வழக்கம். அப்படித்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கும் உடனே விளங்கவில்லை. அந்தப் பாட்டை நான் தடை செய்திருந்தேனே தவிர, ஒரு தடவைகூட முழுவதாகக் கேட்டதில்லை. அன்றிரவு வீட்டில் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். முதல் வரியிலேயே சேப்பர் என்ற சொல் வந்தது. கடைசியில் விமானம் வந்தது. ஐந்து கிழமைகளாக அவர் கேட்டது அந்தப் பாட்டைத்தான். அதன் பெயர் அவருக்கு மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

மகள் சொன்னது

ஜூன் முதல் கிழமையில் மகளை அழைத்துப் பேசினோம். ஏப்ரலில் நடந்ததை அவருக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தோம். ஆனால் பாட்டின் பெயரைச் சொல்லவில்லை. “உரத்த இசை” என்றுதான் சொல்லியிருந்தோம். பெயரைச் சொன்னதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா அந்த இசைத்தட்டை வெளிவந்த ஆண்டிலேயே வாங்கினாராம். வானொலியில் கேட்க வழியில்லாததால் வாங்கினார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறார். கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போடுவார். அந்த நேரத்தில் பிள்ளைகள் உள்ளே போகக் கூடாது. வியட்நாமிலிருந்து வந்தவர்களை ஊர் விரும்பிக் கேட்காத காலம் அது. போரை எதிர்த்தவர்களுக்கு அவர்கள் வேண்டாதவர்கள். பழைய படையினர் சங்கங்கள் சிலவற்றிலோ, அது ஒரு போரா என்று முகத்துக்கு நேரே கேட்டார்களாம். அப்பா வேலைக்கு மனுப் போடும்போது அந்த இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிடுவதில்லை.

1987 அக்டோபர் 3ஆம் தேதி சிட்னியில் வியட்நாம் படையினருக்கு வரவேற்பு ஊர்வலம் நடந்தது. போர் முடிந்து அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகுதான் நாடு அவர்களை வரவேற்றது. ஏறத்தாழ 25,000 பேர் நடந்தார்கள். குடும்பமாகக் காரில் போனார்கள். மகளுக்கு அப்போது 11 வயது. அன்று மாலை ஒரு மதுச்சாலையின் பின்கட்டில் அப்பாவின் பிரிவைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு நீள மேசையைச் சுற்றி நின்று அந்தப் பாட்டைப் பாடினார்கள். எல்லோரும் அழுதுகொண்டே, உள்ளங்கையால் மேசையை அடித்துக்கொண்டே பாடினார்கள். அதன் பின் ஒவ்வோர் ஆண்டும் கூடுவார்கள், ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான் பாடுவார்கள். ஒவ்வொருவராக இறந்தபோது சவ அடக்கம் முடிந்த பிறகும் பாடினார்கள்.

“அவர் கோபப்படவில்லை. பாடிக்கொண்டிருந்தார்” என்றார் மகள்.

நான் பதில் சொல்லாமல் இருந்தேன். ஒலிபெருக்கியை நிறுத்திய பிறகுதான் அவர் கத்தினார் என்பது எங்கள் அறிக்கையிலேயே இருந்தது. எழுதியவளே நான். 1978இல் வானொலி நிலையங்கள் அவருக்குச் செய்ததை 2023இல் நான் செய்திருந்தேன்.

இரண்டாமவர் சொன்னது

பாட்டைத் திரும்பக் கொண்டுவரும் முன் அவரிடம் பேச வேண்டியிருந்தது. இந்த முறை கேட்டேன். பாட்டு அவருக்குப் பழைய நினைவுகளைக் கிளறுகிறதா என்று தொடங்கினேன். இல்லை என்றார். அவருடைய மனக்குறை வேறு.

“கே சானில் நாங்கள் இருக்கவில்லை. அந்தப் பாட்டில் வருபவனும் நான் இல்லை” என்றார். ஊர் திரும்பி, ரயில்வேயில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தவர். ஒரே வீடு, ஒரே மனைவி. போதைப்பொருளைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் வியட்நாம் போனவர் என்று தெரிந்ததும் அந்நியர்கள் தோளில் கைபோட்டு அந்தப் பாட்டைப் பாடத் தொடங்குவார்கள். எத்தனை பேரைக் கொன்றாய் என்று கேட்பார்கள். மகளைப் பெண் கேட்டு வந்த வீட்டாரே, இவர் நிதானமானவர்தானா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார்கள். “அந்தப் பாட்டு என் முகத்தின் மேல் இன்னொருவன் முகத்தை ஒட்டிவிட்டது” என்றார்.

அப்படியானால் பாட்டு வேண்டாமா என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். அந்தச் சேப்பருக்கு அது வேண்டும் என்றால் போடுங்கள், எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் தோட்டத்துக்குப் போய்விடுகிறேன் என்றார். பெரியவர் பொறியியல் பிரிவுக்காரர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

முன்னாள் படையினர் எல்லோருக்கும் இந்தப் பாட்டு ஒன்றையே சொல்கிறது என்று எழுதுபவர்களை அன்றிலிருந்து என்னால் நம்ப முடிவதில்லை. ஒரே மேசையில் மூன்று வேளை சாப்பிட்ட இருவருக்கே அது ஒன்றாக இல்லை.

இரண்டாவது முடிவு

முன்னாள் படையினருக்கான ஆலோசகர் ஒருவர், குடும்ப மருத்துவர், மகள், பொறுப்புத் தாதி, நான் ஐவரும் பேசினோம். பெரியவருக்குப் பாட்டைத் தனியாகத் திரும்பக் கொடுப்பது, கூடத்தில் உடனே போடாமல் இருப்பது, இரண்டாமவருக்கு எப்போதும் முன்கூட்டிச் சொல்வது என்று தீர்மானித்தோம்.

முதல் முயற்சி தோற்றது. ஹெட்போன் மாட்டினோம். மற்றவர்களுக்குத் தொந்தரவு இருக்காது என்பது எங்கள் கணக்கு. அவர் சில நொடிகளில் அதைப் பிடுங்கி எறிந்து கதவைத் திரும்பிப் பார்த்தார். காதை மூடினால் பின்னால் யார் வருகிறார்கள் என்பது கேட்காது. ஆலோசகர் அதைச் சொன்ன பிறகுதான், நடைகூடத்தில் அவர் சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்ததும், கூடத்தில் நாங்கள் அவரை எப்போதும் கதவுக்கு முதுகு காட்டி உட்கார வைத்ததும் எனக்கு உறைத்தது.

பிறகு சிறிய வரவேற்பறைக்கு மாற்றினோம். வியாழக்கிழமை 4 மணி. நாற்காலி சுவரோரம், கண்ணெதிரே திறந்த கதவு. முன்னால் கனமான மர மேசை, அதன் மேல் எதுவும் கிடையாது. மகளோ நானோ கூட இருப்போம். பாட்டு முடியும்வரை பேச்சில்லை, தொடுவதில்லை, கண்ணீரைத் துடைத்துவிடுவதும் இல்லை. கடைசி விதிதான் எனக்குக் கடினமாக இருந்தது.

ஜூன் 29ஆம் தேதி முதல் தடவை. பியானோ தொடங்கியதும் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். என் பெயரை ஒருநாளும் நினைவில் வைத்திராதவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு சொல் விடாமல் பாடினார். அழுதார். மேசையை அடித்தார். முடிந்ததும் கைக்குட்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு, தேநீர் இருக்கிறதா என்று கேட்டார்.

அதன் பின் ஒவ்வொரு வியாழனும் நடந்தது. ஜூன் நடுவில் இரண்டு கிழமை இரவுக் குறிப்புகளில் விமானம் 9 தடவை வந்திருந்தது. ஜூலைக் கடைசி இரண்டு கிழமையில் 3 தடவை. இடையில் மருத்துவர் அவருடைய மாத்திரை நேரத்தையும் மாற்றியிருந்தார். ஆகவே இந்தக் குறைவை முழுவதும் பாட்டின் கணக்கில் எழுத எனக்கு உரிமையில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு அவர் தானாகத் திரும்பி வந்தது வியாழன்கள் தொடங்கிய இரண்டாம் கிழமை.

ஓகஸ்ட் 18

1966இல் லோங் டான் சண்டை நடந்த நாள் ஓகஸ்ட் 18. வியட்நாம் படையினர் நினைவு நாளாக அதையே அவுஸ்திரேலியா கொள்கிறது. 2023இல் அது வெள்ளிக்கிழமை. போரில் அவுஸ்திரேலியாவின் பங்கு முடிந்து 50 ஆண்டு ஆனதால் கன்பராவில் பெரிய நிகழ்வு நடந்தது.

இல்லத்தின் நிர்வாகம் கொடியும் கேக்கும் யோசித்திருந்தது. நான் இருவரிடமும் கேட்டேன். பெரியவருக்குக் கேள்வி பிடிபடவில்லை; அவருக்காக மகள், பழைய நண்பர்களை அழைக்கலாமா என்றார். இரண்டாமவர் தன் அறையில் தொலைக்காட்சியில் கன்பரா நிகழ்வைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். கேக்கைக் கைவிட்டோம்.

நீள மேசையைச் சுற்றி நின்றவர்களில் மிஞ்சியிருந்த மூவரில் இருவர் வந்தார்கள். ஒருவர் நான்கு மணி நேரம் கார் ஓட்டி வந்தவர், வயது 78. வரவேற்பறை மேசையைச் சுற்றிப் பெரியவரோடு சேர்த்து மூவரும் நின்றார்கள். நான் பாட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்தப் பாட்டின்போது இருக்க வேண்டியவள் நான் இல்லை. மூன்று ஜோடி உள்ளங்கைகள் மேசையில் விழும் சத்தம் சமையலறை வரை கேட்டது. பராமரிப்பாளர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். யாரும் ஓடி வரவில்லை.

இரண்டாமவர் சொன்னபடி 3 மணிக்குத் தோட்டத்தில் இருந்தார். நாலரை மணிக்குத் தேநீருக்கு வந்து பெரியவரின் பக்கத்தில், வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற இருவருடன் எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்று சில வார்த்தை பேசினார். பிறகு அந்த வாரக் கால்பந்தாட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

பின்னர்

பெரியவர் 2024இன் குளிர்காலத்தில் நுரையீரல் தொற்றால் இறந்தார். கடைசிக் கிழமைகளில் பேச்சு நின்றுவிட்டது. வியாழக்கிழமை பாட்டைப் போட்டால் வலக்கை விரல்கள் போர்வைமேல் அசையும். சவ அடக்க ஆராதனையில் அந்தப் பாட்டைப் போட வேண்டும் என்று மகள் கேட்டபோது போதகர் வரிகளைப் படித்துவிட்டுத் தயங்கினார். ஆராதனை முடிந்து பெட்டியைத் தூக்கும் நேரத்தில் போடலாம் என்று இணங்கினார். முன் வாங்கில் இருவர் கையால் பலகையை அடித்தார்கள். நான் பின் வரிசையில், இரண்டாமவரின் நடைவண்டியைப் பிடித்தபடி நின்றேன். பாட்டு வரும் என்று அவருக்கு முதல் நாளே சொல்லியிருந்தேன். வெளியே போகிறீர்களா என்று கேட்டேன். இன்றைக்கு இருக்கிறேன் என்றார்.

மாற்றியவையும் மாறாதவையும்

இல்லத்துக்குப் புதிதாக வருபவரிடம் இசை பற்றி முன்பு ஒரே கேள்வி கேட்போம்: என்ன பிடிக்கும்? இப்போது கேட்பவை வேறு. எந்தப் பாட்டை யாருடன் கேட்பீர்கள், கேட்கும்போது என்ன செய்வீர்கள், எதை ஒலிக்கவிடக் கூடாது, ஒலித்தால் உங்களுக்கு முன்பே சொல்ல வேண்டுமா. பதில் சொல்ல முடியாதவருக்காகக் குடும்பத்தைக் கேட்கிறோம். ஒரு பாட்டை நிறுத்தினால் 7 நாளுக்கு மட்டும் நிறுத்துகிறோம். அதற்குள் பாட்டின் பெயரைச் சொல்லிக் குடும்பத்துடன் பேச வேண்டும், முடிவெடுப்பவர் அந்தப் பாட்டை முழுவதும் கேட்டிருக்க வேண்டும்.

கூடத்தின் நாற்காலிகளில் எட்டைச் சுவரோரம் திருப்பிப் போட்டோம். அவை எப்போதும் முதலில் நிறைந்துவிடுகின்றன, போருக்குப் போகாதவர்களாலும்.

இரவுக் குறிப்பேட்டில் ‘நடத்தைப் பிரச்சினை’ என்ற பெட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. அவர் கேட்ட விமானம் ஐந்து கிழமை அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தது. சொன்ன சொற்களை அப்படியே எழுத அதன் பக்கத்தில் இன்னொரு பெட்டி வேண்டும் என்று நிர்வாகத்துக்கு இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். மூன்றாம் கடிதம் இந்த மாதம் போகிறது.